கடல் இல்லாத ஊரில் மீன் சாப்பாடு

மதுரையில் கடல் இல்லை. இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்த ஊர்க்காரர்கள் அந்த உண்மையை ஒரு நாளும் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். பாண்டியன் கொடியில் மீன். ஊரை ஆளும் அம்மனுக்கு மீனைப் போன்ற கண். காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்று கேட்டவுடன் சொக்கநாதர் ஏழு கடலையும் ஊருக்குள்ளேயே வரவழைத்துவிட்டாராம். கடல் வந்த இடம் இன்றும் கோவிலுக்குக் கிழக்கே எழுகடல் தெரு என்ற பெயரோடு இருக்கிறது. அங்கே இருந்த தீர்த்தத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். ஏழு கடலை மூடி வியாபாரம் செய்கிற ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் பூகோள சாஸ்திரம் கருணை இல்லாதது. மதுரையிலிருந்து கிழக்கே போனாலும் சரி, தெற்கே போனாலும் சரி, உப்புக் காற்றை முகர்வதற்குச் சுமார் 60 மைல் போயாக வேண்டும். ராமேசுவரம் 100 மைலுக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கெல்லாம் என் நினைவுக்கு வந்தது, சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கோரிப்பாளையத்தில், தர்காவின் கூரை நிழலாவது நம் மேல் விழாதா என்று ஏங்கும்படியான வெயிலில், நாங்கள் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தோம். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பாங்கு அதிகாரி, அவர் மனைவி, மைத்துனி, பெரியாஸ்பத்திரியில் பயிற்சி பெறும் ஓர் இளம் டாக்டர், சுத்த சைவராகிய ஒரு தமிழ்ப் பேராசிரியர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான். மதுரை மீன் சாப்பாட்டைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்துவிட்டுக் கோயமுத்தூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். "கடலே இல்லாத ஊரில் மீன் என்ன பெருமை?" என்று மைத்துனி அம்மாள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்கும் வரையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கே சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கோரிப்பாளையம் என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். பாரசீக மொழியில் 'கோர்' என்றால் சமாதி. தர்காவில் அடங்கியிருக்கும் இரண்டு சுல்தான்களின் சமாதிகளை வைத்துத்தான் இந்தப் பெயர் என்பார்கள். அதன் குவிந்த கூரை அழகர்மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே கல்லால் ஆனது என்பது ஊர் நம்பிக்கை. தர்காவுக்கு உரிய கிராமங்களை உறுதி செய்து 1573-ல் வீரப்ப நாயக்கர் காலத்தில் எழுதிய சாசனம் உண்டு. ஆகவே, ஆற்றுக்கு வடகரை என்றாலும் இது நேற்று முளைத்த பேட்டை அல்ல. ஆனால் ஜனக் கூட்டம் பெருகியது பிற்பாடுதான். வைகைக்குக் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-ல் திறந்தது. அமெரிக்கன் கல்லூரி 1909-ல் இந்தக் கரைக்கு வந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முதலில் பெயர் பெற்ற பெரியாஸ்பத்திரி 1940-ல் வந்தது. மருத்துவக் கல்லூரி 1954-ல். மாணவர்கள், நோயாளிகள், நோயாளிகளின் உறவினர்கள், கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வந்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்ப முடியாதவர்கள் - இத்தனை பேருக்கும் பசிக்கும் அல்லவா?

சரி, மீனுக்கு வருகிறேன். சுற்றியிருக்கும் பேட்டைகளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு குளம் இருக்கிறது. மேற்கே செல்லூர்க் கண்மாய். கிழக்கே வண்டியூர்க் கண்மாய். 2004-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையைத் திறந்தார்களே, அந்த இடத்தின் பெயர் உலகனேரி. ஏரி என்றாலும் நீர்தான். வடகரை முழுவதும் ஒரு காலத்தில் நீர் நின்ற பூமி. நீர் நின்ற இடத்தில் விரால் இருந்தது, கெளுத்தி இருந்தது, குறவை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அயிரை இருந்தது.

அயிரை ஒரு விரல் நீளங்கூட இல்லாத மீன். புது வெள்ளம் வரும்போது வாய்க்காலிலும் வயலிலும் மணலைக் கிளறிக்கொண்டு திரியும். அதன் புகழோ சங்க காலத்தது. குறுந்தொகையில் பரணர் ஒரு கிழட்டு நாரையைக் காட்டுகிறார். இறகு உதிர்ந்துபோன அந்த நாரை கீழைக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, மேலைக் கடற்கரையில் சேரனுடைய தொண்டித் துறையில் கிடைக்கும் அயிரைக்காகக் கழுத்தை நீட்டி ஏங்குகிறதாம். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எட்டாத ஊர்ப் பலகாரத்துக்கு ஏங்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல என்று தெரிகிறது.

இந்தச் சின்ன மீனைச் சமைப்பது ஒரு வித்தை. உயிரோடு வாங்க வேண்டும். செத்த அயிரையை மதுரைக்காரி தொடமாட்டாள். மீனைத் தேங்காய்ப் பாலில் விட்டால், அது பாலைக் குடித்து வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவ வேண்டும். தலையும் வாலும் எடுப்பதில்லை. முழுசாகத்தான் குழம்பில் போடுவது. சின்ன வெங்காயம், பூண்டு, புளி, நல்லெண்ணெய். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். கரண்டியைப் போட்டுக் கிண்டினால் போச்சு, கூழாகிவிடும். வாய்க்காலில் சும்மா கிடைத்த இந்த மீனுக்கு இன்றைக்கு ஆட்டுக்கறியைவிட அதிக விலை. காரணம் சொல்லவும் வேண்டுமா? குளங்கள் பேட்டைகளாகிவிட்டன. 1959-ல் வைகை அணை கட்டிய பிறகு ஆற்றில் முன்போல வெள்ளம் வருவதில்லை. அணை கட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. சோறு போட்ட அணை, குழம்பைக் குறைத்துவிட்டது. அவ்வளவுதான்.

கடல் மீன் கதை வேறு. மாட்டு வண்டி நாளைக்கு 15, 20 மைல் போகும். கரையில் பிடித்த மீன் மதுரைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள். அந்த மீனை எந்தப் புண்ணியவான் சாப்பிடுவான்? ஆகையால் வெகு காலம் மதுரைக்குத் தெரிந்த கடல் மீன் கருவாடுதான். கருவாட்டைக் குறைத்துப் பேசக்கூடாது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் பாணர்களுக்கு உலர்த்திய குழல்மீனைச் சுட்டுத்தான் விருந்து போடுகிறார்கள்.

பச்சை மீனை ஊருக்குள் கொண்டுவந்தவை இரண்டு: ரயிலும் ஐஸும். மதுரைக்கு ரயில் 1875-ல் வந்தது; அடுத்த வருஷம் தூத்துக்குடிக்குப் போயிற்று. மண்டபம் பாதை 1902-ல் திறந்தது, பாம்பன் பாலம் 1914-ல். ஐஸ் நம் நாட்டுக்கு முதலில் வந்தது மீனுக்காக அல்ல; சென்னை துரைமார்களின் கண்ணாடிக் கிளாசுகளுக்காக. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கட்டி கட்டியாக வந்து, 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது. பிறகு இங்கேயே இயந்திரத்தில் செய்யத் தெரிந்த பின்தான் அது மீன் கூடைக்குள் இறங்கியது. துரைமார்களின் குடியிலிருந்து தூத்துக்குடி மீன் வரைக்கும் அந்த ஐஸ் கட்டி செய்த பிரயாணத்தைத் தனியாக ஒரு நாவலாக எழுதலாம். பிற்காலத்தில் ரயிலுக்குப் பதில் லாரி. விடியற்காலையில் கரிமேட்டு மீன் சந்தையில் பெட்டிகள் இறங்கும் காட்சி மதுரையில் வெகு காலம் பிரசித்தம்.

மீன் வந்துவிட்டது. ஆனால் அதை வெளியில் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டுமே!

சமைத்த சோற்றை விலைக்கு விற்பதைப் பழைய நாளில் கௌரவமான தொழிலாக யாரும் நினைத்ததில்லை. மதுரையின் மிகப் பிரசித்தமான சாப்பாடு எது என்று கேட்டால் சிலப்பதிகாரத்தில் வருவதைத்தான் சொல்லவேண்டும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தார்கள், ஓட்டலுக்குப் போகவில்லை. இடைக்குலத்து மாதரி இடம் கொடுத்து, புதுப் பாத்திரம் கொடுத்து, அரிசியும் காயும் கொடுத்தாள். கண்ணகி தன் கையால் சமைத்து வாழை இலையில் பரிமாறினாள். அதுதான் அவன் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு. (மாதரியின் குலத்துப் பெயரைத் தாங்கிய கோனார் மெஸ் சிம்மக்கல்லில் கறிதோசைக்குப் பெயர் போனது. சரித்திரத்துக்கு இப்படியும் ஒரு குறும்பு உண்டு.) பிற்காலத்தில் பிரயாணிகளுக்குச் சத்திரங்கள் வந்தன, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் அந்த வகை.

விலைக்குச் சாப்பாடு போடும் கடைகள் பெருகியபோது அவற்றுக்குத் தமிழர்கள் வைத்த பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் 'கிளப்'. காபி கிளப், கிளப்புக் கடை என்று நம் பாட்டனார்கள் சொன்னார்கள். பிறகு 'ஓட்டல்'. பிறகு 'மெஸ்'. மூன்றும் இங்கிலீஷ் வார்த்தைகள். கிளப் என்றால் அவர்களுக்கு ஒருமனப்பட்டவர்களின் சங்கம். ஓட்டல் என்றால் தங்கும் விடுதி. மெஸ் என்பதோ ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சிறு கூட்டம். லண்டனில் வக்கீல் தொழில் படிக்கிறவர்கள் நாலு நாலு பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த நால்வருக்குப் பெயர் 'மெஸ்'. வெள்ளைக்காரன் சேர்ந்து உட்காரும் மனிதர்களுக்கு வைத்த பெயரை நாம் சோறு விற்கும் கட்டிடத்துக்கு வைத்தோம். பெயரில் சங்கம் வந்தது; உள்ளே சங்கமம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்தன ஓட்டல்கள். தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சாப்பாட்டு அறைகளிலேயே அந்தப் பிரிவு இருந்தது. கிளர்ச்சி நடந்த பிறகு 1941-ல்தான் எடுத்தார்கள். 'பிராமணாள்' என்ற பலகையை நீக்கச் சொல்லி 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் வாசலில் பெரியார் மறியல் நடத்தினார். இவை மேல் படியில் நடந்த சண்டைகள். கீழ்ப் படியில் இருந்தவர்களுக்குப் பல கடைகளில் உள்ளே போகும் உரிமையே இல்லை. மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றது 1939, ஜூலை 8-ல். கோவில் கதவு திறந்த பிறகும் காபிக் கடைக் கதவு திறக்கத் தாமதமாயிற்று. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் ஓட்டல்களிலும் யாரையும் ஜாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்று எழுதியது. மீறினால் தண்டனை என்ற சட்டம் 1955-ல் வந்தது. அதற்குப் பிறகும் கிராமத்து டீக்கடைகளில் ஆளுக்குத் தகுந்தபடி இரண்டு விதக் குவளை வைக்கும் வழக்கம் சாகவில்லை. மதுரை ஜில்லாவிலும் அது இருப்பதாக இந்த நூற்றாண்டிலும் அறிக்கைகள் வந்தன.

மாமிசம் போடும் ஓட்டல்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம் என்பது என் அபிப்பிராயம். முழுத் தாராளம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 'மிலிட்டரி ஓட்டல்' என்று பலகை போட்டால் உள்ளே கறி உண்டு என்று அர்த்தம். பட்டாளத்துக்காரன் கறி சாப்பிடுவான் என்பது ஜனங்களின் கணக்கு. 1930-களில் திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து புறப்பட்டவர்கள் தங்கள் ஊர்ச் சாமியின் பெயரில் ஓட்டல் வைத்தார்கள். அதுதான் ஊருக்கு ஊர் இருக்கும் முனியாண்டி விலாஸ். அன்றாடம் முதல் வியாபாரப் பணத்தைச் சாமிக்கு என்று எடுத்துவைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் தை மாதத்தில் எல்லோரும் ஊர் திரும்பி, முனியாண்டிக்கு ஆட்டுக்கறிப் பிரியாணி படைத்து வந்தவர்களுக்கெல்லாம் விடியற்காலையில் கொடுப்பார்கள். பிரியாணி பிரசாதமாகும் ஊர் நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. ரெட்டியார்கள் மாசியில் தனியாக நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி ஒன்றுதான், பந்திதான் இரண்டு.

கூட்டமாக மீன் சாப்பிடுவதில் இதைவிடப் பழைய வழக்கம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது ஒரு நாள் குறித்துச் சுற்று வட்டாரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாக் கூடையும் வலையும் கையுமாக அத்தனை பேரும் சேற்றில் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக்கூடாது. வீட்டில் சமைத்து, கிடைக்காதவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட வேண்டும். சேற்றில் இறங்கிய பிறகு எல்லோரும் ஒரே நிறம்தான். கரையேறிக் குளித்த பிறகு என்ன என்று கேட்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. தல்லாகுளம், அழகர்கோயில் சாலைப் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர் பெற்றவை பல. நாங்கள் போனது அவ்வளவு பெயர் பெறாத ஒன்று. "வாங்கண்ணே, ஏழு பேரா? இப்படிச் சேர்ந்தாப்புல உக்காருங்க" என்று இரண்டு மேஜையை ஒன்றாக இழுத்துப் போட்டான் பையன். மாமிச ஓட்டல்களில் பெண்களை ஃபேமிலி ரூம் என்ற பெயரில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே திரை இல்லை.

"அயிரை இருக்காப்பா?"

"இன்னைக்கு வந்திருக்குண்ணே. ஆனா கொஞ்சந்தான்."

இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள். நண்டு ஆம்லெட், நெத்திலி வறுவல், சுறாப்புட்டு, இறால் தொக்கு, வஞ்சிரம் என்று தட்டம் தட்டமாக வந்தது. கடல் சாமான்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் சின்னச் சட்டியில் அந்தக் குழம்பு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. மைத்துனி அம்மாள் முதலில் மீனின் தலையைப் பார்த்துத் தயங்கினாள். இரண்டாம் பிடிக்குப் பிறகு தயக்கத்தைக் காணோம். மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது, "கடல் இல்லாததே நல்லதாப் போச்சு" என்றாள். பேராசிரியர் ரசஞ்சோறும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டே பரணருடைய நாரையைப் பற்றி எனக்கு இரண்டு திருத்தம் சொன்னார். இளம் டாக்டர் அளவுக்கு மீறிச் சாப்பிட்டார். வைத்தியர்களுக்கு அது வழக்கம்.

தலைமையாசிரியரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வயது எழுபத்தைந்துக்கு மேல். அதிகம் பேசமாட்டார். மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நான் கிளப்புக் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் மெதுவாக ஒன்று சொன்னார். அவர் சிறு பையனாக இருந்தபோது, வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அப்பாவோடு போவாராம். சந்தை முக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. காசு முதலில் கொடுத்துவிட வேண்டும். சோறு கொல்லைப்புறத்துக்கு வரும். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்பா தன் இலையையும் மகன் இலையையும் எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்ப் போட்டுவிட்டு வருவார். "மீன் குழம்பு மட்டும் ரொம்ப நல்லா இருக்கும் அந்தக் கடையில," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. பாங்கு அதிகாரியும் நானும் பில்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் எழுந்தார். மடித்த இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல் ஒரு கணம் நின்றார்.

"ஐயா, இலையை விடுங்கய்யா, நான் எடுத்துக்கிறேன்," என்று பையன் ஓடி வந்தான்.

அவர் இலையையும் பையனையும் பார்த்தார். மெதுவாக மேஜை மேலேயே வைத்தார். "பழக்கம் தம்பி," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.